மூடியின் நடுவில் ஒரு குழி

ராயக்கோட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
அன்றைக்குக் கிலோ மூன்று ரூபாய்.
திம்மராயன் இறக்கிய நாற்பது கிரேட்டில்
முப்பத்தெட்டுதான் போனது.
மீதி இரண்டைத் திருப்பி ஏற்ற
டெம்போக்காரர் கேட்ட வாடகை
அந்த இரண்டின் விலையைவிட அதிகம்.
"கொட்டிட்டுப் போறேன். இல்லாட்டி நீ எடுத்துக்கோ" என்றார்
என்னைப் பார்க்காமல்,
தராசைப் பார்த்தபடி.

எடுத்துக்கொண்டேன்.

ஐம்பது கிலோ தக்காளி உள்ளே வந்தால்
மனுஷருக்கு வீட்டில் இடமில்லை.
அடிபட்டது, வெடித்தது, காம்பருகே கறுத்தது
எல்லாம் தனியே தள்ளினேன்.
"அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டுப் போடேன்" என்றான் மாதப்பன்.
போடவில்லை.

அண்டா கொதித்தது.
தோலுரித்த விரல்நுனிகள் எரிந்தன.
மூன்றில் ஒன்றாக வற்றும்வரை
சுவரெல்லாம் சிவப்புப் பொட்டு.
வெந்நீரில் கிடந்த பாட்டில்கள், புது மூடிகள்
(மூடி ஒருமுறைதான் சத்தியம் செய்யும்).
கழுத்தில் அரை விரல் காலி விட்டு
விளிம்பைத் துடைத்து மூடி
மறுபடி தண்ணீரில் முழுக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று
ஓசூர் ஜாம் கம்பெனிக்குப் போகிற நசீமாவைக் கேட்டேன்.
"ரயில்வே ஸ்டேஷன் மஞ்சப் பலகையைப் பாத்திருக்கியா?"
பார்த்திருக்கிறேன், இருபது வருஷமாக:
ஊர்ப் பெயருக்குக் கீழே
கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று
யாருக்கும் உதவாத ஓர் எண்.
மேட்டில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடுமாம்.
கொதிக்கிற தண்ணீரெல்லாம் ஒரே சூடு இல்லையாம்.
கம்பெனிக் கணக்குக்கு மேல்
பத்து நிமிஷம் கூட வைத்தேன்
ஊர் உயரத்துக்காக.

பாட்டிலுக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு என்றும் சொல்லியிருந்தாள்.
புளிப்புப் போதாத இடத்தில்,
காற்று இல்லாத இடத்தில் வளர்கிற ஒன்று இருக்கிறதாம்.
அதற்கு நிறம் கிடையாது. வாசனையும் கிடையாது.

தக்காளி கிலோ மூன்று.
எலுமிச்சை ஒன்று எட்டு.

கடைசிப் பாட்டிலுக்கு வரும்போது
பழம் தீர்ந்திருந்தது,
மணி பன்னிரண்டரை,
பாய் கடை சாத்தியாயிற்று.
தக்காளியின் புளிப்பை நம்பி மூடினேன்.

ஆறும்போது ஒவ்வொன்றாக
டக். டக்.
மண்டிப் பழக்கம், எண்ணிக்கொண்டே தூங்கினேன். இருபத்து மூன்று.
விடிந்ததும் ஒவ்வொரு மூடியின் நடுவிலும் சின்னக் குழி,
விரல் வைத்து அழுத்தினால் அசையாத குழி.
லேபிள் ஒட்டித் தேதி எழுதினேன்.
கை தன் போக்கில் விலையையும் எழுதிவிட்டது.
வெயில் படாத இடம் கட்டிலுக்கடிதான்.

அப்புறம் மழை தவறி
மண்டிக்கு நாலைந்து வண்டிகளே வந்த மாதத்தில்
கிலோ நூற்றுப்பத்து.
கட்டிலுக்கடியில் குனிந்தேன்.
மூலையில் இருந்த ஒன்று மட்டும்
குழி நிரம்பி மேடாகியிருந்தது.
எது என்று எனக்குத் தெரியும்.

"திறந்து மோந்துதான் பாரேன், நூறு ரூபா சரக்கு."
திறக்கவில்லை.
மூக்குக்கு அகப்படுகிற எதிரி இல்லை அது.
மூடியோடு இரண்டு கவரில் சுற்றி
நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்தோம்.
மாதப்பன் மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினான்,
எதையோ திட்டிக்கொண்டே.
எட்டு ரூபாயை நினைத்துக்கொண்டு
நான் டார்ச் பிடித்தேன்.

திம்மராயன் வந்தார், நூற்றுப்பத்துக்கு விற்க
நான்கே கிரேட்டோடு.
ஒரு பாட்டிலை நீட்டினேன். உங்கள் தோட்டத்துதுதான் என்றேன்.
திறந்தால் ஃபிரிட்ஜில் வைக்கணும், நாலைந்து நாளில் முடிக்கணும்.
"ஃபிரிட்ஜ் ஏது?"
வீட்டில் எத்தனை பேர்?
"ஒன்பது."
அப்படியென்றால் ஒரே வேளையில் முடியுங்கள்.

சிரித்தார். மூடியின் குழியை அழுத்திப் பார்த்தார்.
திருப்பி லேபிளைப் படித்தார்,
வாய்க்குள்ளேயே, ஒவ்வோர் எழுத்தாக.
பிறகு கட்டைவிரல் நகத்தால்
விலையை மட்டும் சுரண்டினார்.
தேதியைத் தொடவில்லை.